ஓடினால் மாதவிலக்கு நிற்குமா, கர்ப்பப்பை இறங்குமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 26. ஒன்றரை வருடமாக ஓடுகிறீர்கள். ஜனவரியில் சென்னையில் முதல் முழு மாரத்தான் ஓடத் தயாராகி வருகிறீர்கள். வாரத்தில் ஆறு நாள், நாளுக்குச் சராசரி 10 கிலோமீட்டர். எடை 53 கிலோவிலிருந்து 48க்கு வந்திருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் ஓட்டம், இரவு ஏழு மணிக்கு மேல் சாப்பாடு கிடையாது, போனில் இருக்கும் செயலியின் கணக்குப்படி நாளுக்கு 1,500 கலோரி. மாதவிலக்கு முதலில் ஐந்தாறு நாள் தள்ளித் தள்ளி வந்தது, அப்புறம் போக்கு குறைந்தது, இப்போது நான்கு மாதமாக வரவே இல்லை. அம்மா, "இப்படிக் குதிச்சுக் குதிச்சு ஓடினா கர்ப்பப்பை இறங்கிடும்" என்கிறார். கூட ஓடும் தோழி, "நல்லா ட்ரெயின் பண்றவங்களுக்கு நிக்கத்தான் செய்யும், கவலைப்படாதே" என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில் சொல்வதுபோல, அடுத்த வருடம் கல்யாணம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. பின்னால் பிள்ளை பெறுவதில் சிக்கல் வருமா, ஓட்டத்தை விட்டுவிட வேண்டுமா என்பதுதானே?

நான் மகப்பேறு மருத்துவர். கோயம்புத்தூரில் இருபது வருடத்துக்கு மேலாகப் பார்த்துவருகிறேன். விளையாட்டு மருத்துவத்தில் எனக்குத் தனிப் பட்டம் எதுவும் இல்லை. ஆனால் ரேஸ்கோர்ஸ் சாலையில் விடிகாலையில் ஓடுகிறவர்களின் கூட்டம் பெருகப் பெருக, உங்களைப் போன்றவர்கள் என் மேசைக்கு எதிரில் வந்து உட்காருவதும் பெருகியது, அதனால் படிக்க வேண்டியதாயிற்று. உங்களை நேரில் பார்க்காமல், ஒரு ரத்தப் பரிசோதனைகூட இல்லாமல், இதுதான் உங்களுக்கு என்று என்னால் முடிவு சொல்ல முடியாது. நீங்கள் எழுதியதற்கு எது அதிகம் பொருந்துகிறது என்று மட்டும் சொல்லலாம். அம்மா சொல்லும் காரணம் தவறு, ஆனால் அவர் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. தோழி சொல்வது நிறையப் பேருக்கு நடப்பதுதான், ஆனால் அந்தக் "கவலைப்படாதே" இருக்கிறதே, அதை மட்டும் நம்பாதீர்கள்.

முதலில் அம்மாவின் பயம். குலுக்கினால் கழன்று விழுவதற்குக் கர்ப்பப்பை ஆணியில் மாட்டிய பை அல்ல. இடுப்பெலும்புக் கூட்டுக்குள் தசைநார்கள் அதைப் பல பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. அடியில் இடுப்புத் தளத் தசைகள் தூளித் துணி மாதிரி ஏந்திக்கொள்கின்றன. அடி இறங்கிவிட்டது என்று வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பல பிரசவம், நெடுநேரம் முக்கிய கஷ்டப் பிரசவம், மாதவிலக்கு நின்ற வயது, ஆறாத இருமல், தீராத மலச்சிக்கல், அதிக உடல் எடை என்று இவற்றில் ஒன்றிரண்டாவது அவர்கள் கதையில் இருக்கும். பிள்ளை பெற்ற சில நாளிலேயே தண்ணீர்க் குடமும் செங்கல்லும் சுமக்கப் போனவர்களும் உண்டு. பிள்ளை பெறாத இளம்பெண்ணுக்கு ஓடியதால் மட்டும் கர்ப்பப்பை இறங்கியதை நான் பார்த்ததில்லை. நம்பகமான ஆய்வு எதுவும் அப்படிக் காட்டவும் இல்லை. பல வருடம் மிகக் கனமான எடை தூக்குகிறவர்கள் விஷயத்தில் மட்டும் சான்றுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன, அங்கே அடித்துப் பேச முடியாது.

இடுப்புத் தளம் பற்றிப் பேசும்போது, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குதிக்கும்போதும் வேகமாக ஓடும்போதும் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிவது. ஸ்வீடனில், பிள்ளை பெறாத டிராம்போலின் வீராங்கனைகளை வைத்து நடந்து 2002இல் வெளியான ஆய்வில், 80 சதவீதம் பேர் பயிற்சியின்போது கசிகிறது என்றார்கள். டிராம்போலின் ஓட்டத்தைவிடப் பல மடங்கு உலுக்கும் விளையாட்டு, அதனால் அந்த எண்ணை அப்படியே உங்களுக்குப் பொருத்தக் கூடாது. இருந்தாலும் இது இளம்பெண்களுக்கும் வரும், இடுப்புத் தளத் தசைப் பயிற்சியால் பெரும்பாலும் கட்டுக்குள் வரும். கறுப்பு நிற பேன்ட் போட்டுக்கொண்டு சமாளிக்க வேண்டிய விஷயம் அல்ல.

அம்மாவைக் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். அவர் சொன்னதையே ஒலிம்பிக் நடத்தியவர்களும் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு நம்பியிருக்கிறார்கள். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதல்முறையாக 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே ஜெயித்தார். இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேருமே எல்லைக்கோட்டைத் தொட்டார்கள். ஆனால் பெண்கள் கூட்டமாக மயங்கி விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின, போட்டியைத் தூக்கிவிட்டார்கள். அது திரும்ப வந்தது 1960இல், ரோம் ஒலிம்பிக்கில். பெண்களுக்கான மாரத்தானுக்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2005இல்கூட, பனிச்சறுக்குத் தாண்டுதல் மருத்துவ ரீதியாகப் பெண்களுக்கு ஏற்றதாகத் தெரியவில்லை என்று சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் தலைவரே பேட்டி கொடுத்தார். ஒன்பது வருடம் கழித்து, சோச்சியில், பெண்கள் அதையும் ஒலிம்பிக்கில் தாண்டினார்கள்.

சரி, கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் மாதவிலக்கு ஏன் நின்றது? ஏனென்றால் மாதவிலக்கை நடத்துவது கர்ப்பப்பை அல்ல, மூளை. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. கருமுட்டை வளரும் நாட்களில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை அங்கிருந்து ஜி.என்.ஆர்.எச் என்ற ஹார்மோன் ஒரு துடிப்பாக வெளிவரும். அது பிட்யூட்டரிச் சுரப்பியைத் தட்டும். பிட்யூட்டரி, எல்.எச், எஃப்.எஸ்.எச் என்ற இரண்டையும் ரத்தத்தில் விடும். அவை சினைப்பைக்குப் போய் முட்டையை வளர்க்கும், வளரும் முட்டைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும், அதை வைத்துக் கர்ப்பப்பையின் உள்சுவர் தடிக்கும். இதில் துடிப்பின் தாளம்தான் முக்கியம். தாளம் மந்தமானால் கீழே எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கிவிடும். சினைப்பையும் கர்ப்பப்பையும் பழுதாகியிருக்காது. மேலிருந்து உத்தரவு வராததால் சும்மா இருக்கும்.

இந்தத் தாளத்தைக் கெடுப்பது எது என்பதில்தான் மருத்துவ உலகமே கொஞ்ச காலம் தடுமாறியது. 1974இல் ஹார்வர்டின் ரோஸ் ஃப்ரிஷ் ஒரு கருத்தை முன்வைத்தார். பூப்படைய உடம்பில் 17 சதவீதம் கொழுப்பு வேண்டும், மாதவிலக்கு ஒழுங்காக வர 22 சதவீதம் வேண்டும் என்றார். ஜிம்மில் இன்றும் இதைச் சொல்லும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கோடு நிற்கவில்லை. 15 சதவீதக் கொழுப்போடு மாதம் தவறாமல் மாதவிலக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள், 24 சதவீதம் இருந்தும் நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் உடற்பயிற்சி தரும் அழுத்தமே காரணம் என்றார்கள். 1985இல் அமெரிக்காவில், அதுவரை பயிற்சி செய்யாத, மாதவிலக்கு ஒழுங்காக இருந்த 28 கல்லூரிப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, நாளுக்கு 10 மைல் வரை ஓடவைத்தார்கள். ஒரு பிரிவு எடை குறையாதபடி சாப்பிட வேண்டும், மற்றப் பிரிவு எடை குறைய வேண்டும். இரண்டு மாதவிலக்குச் சுழற்சிகள் முடிவதற்குள், கோளாறே இல்லாமல் தப்பித்தவர்கள் நாலே பேர், அவர்களில் மூவர் எடை குறையாத பிரிவு. பயிற்சியை நிறுத்திய ஆறு மாதத்துக்குள் எல்லோருக்கும் சரியாகிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த ஆய்வைப் பார்த்தால் ஓட்டமும் குற்றவாளி மாதிரிதான் தெரியும். முடிச்சை அவிழ்த்தவர் ஆன் லௌக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். பயிற்சி, சாப்பாடு இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார். கடுமையாக உடற்பயிற்சி செய்யவைத்து, அதற்குச் செலவான கலோரியைச் சாப்பாடாகத் திருப்பிக் கொடுத்தால் எல்.எச் துடிப்பு அநேகமாக அப்படியே இருந்தது. திருப்பிக் கொடுக்காவிட்டால் ஐந்தே நாளில் தாளம் தப்பியது. உடற்பயிற்சியே இல்லாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தாலும் தப்பியது. 2001இல் நான்சி வில்லியம்ஸ் குழுவினர் பெண் குரங்குகளைத் தினமும் ஓடவைத்தார்கள், மாதவிலக்கு நின்றுபோனது. அப்புறம் ஓடும் தூரத்தைக் குறைக்காமல் சிலவற்றுக்குத் தீனியை மட்டும் கூட்டினார்கள். மாதவிலக்கு திரும்பியது. அதிகம் தின்ற குரங்குக்குச் சீக்கிரம் திரும்பியது. எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன், இதைப் போல மனதில் ஒட்டிக்கொண்டது குறைவு.

வீட்டு வரவுசெலவு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் முதல் செலவு ஓட்டத்துக்குப் போகிறது. அதைத் தள்ளிவைக்க முடியாது, கால் அசைந்தால் எரிந்துதான் தீரும். மிச்சத்தில்தான் இதயம், மூளை, ஈரல், எலும்பு, தோல், முடி, அப்புறம் மாதாமாதம் ஒரு கர்ப்பத்துக்குத் தயாராவது எல்லாம் நடக்க வேண்டும். மிச்சம் போதாவிட்டால் வீட்டில் எதை முதலில் வெட்டுவோம்? இப்போதைக்கு இல்லாமல் உயிர்வாழக் கூடியதைத்தான். மூளையும் அதைத்தான் செய்கிறது. உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கிறேன். எடை 48 கிலோ. கொழுப்பைக் கழித்தால் சுமார் 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போவது 1,500 கலோரி. 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு, கிலோ எடைக்குக் கிலோமீட்டருக்கு ஒரு கலோரி என்ற தோராயக் கணக்கில், 480 போய்விடும். மிச்சம் 1,020. அதை 40ஆல் வகுத்தால் கிலோவுக்கு 25 சொச்சம். லௌக்ஸின் ஆய்வில் 45 கிடைத்தவர்களுக்குத் தாளம் நன்றாக இருந்தது, 30க்குக் கீழே போனதும் தப்பத் தொடங்கியது. நீங்கள் 30க்குக் கீழே இருக்கிறீர்கள்.

இந்த 30 என்ற எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவைக்காதீர்கள். அது உடலுழைப்பு அதிகம் இல்லாத இளம்பெண்களைச் சில நாள் மட்டும் பார்த்துக் கிடைத்த எண். பின்னால் மாதக்கணக்கில் பார்த்த ஆய்வுகளில் அப்படி ஒரு கறாரான கோடு தெரியவில்லை. மிச்சம் குறையக் குறையக் கோளாறு கூடுகிறது, ஆளுக்கு ஆள் வித்தியாசப்படுகிறது, அவ்வளவுதான். பூப்படைந்து பதினைந்து வருடம் ஆனவர்களைவிட ஐந்தாறு வருடமே ஆனவர்களின் தாளம் எளிதில் தப்புகிறது. செயலி காட்டும் கலோரியும் நம்ம ஊர்ச் சாப்பாட்டுக்குக் குத்துமதிப்புதான். ஒரு கரண்டி எண்ணெயை அது எங்கே பார்த்தது? வெறும் வயிற்றில் ஓடுவது பற்றியும் ஒரு வார்த்தை. நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் போதுமான அளவு சாப்பிடுகிறவர்களிலும், நாளின் பெரும்பகுதி நேரம் பற்றாக்குறையில் கழிப்பவர்களுக்குக் கோளாறு அதிகம் என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அவை சிறியவை, நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரவு ஏழு முதல் காலை எட்டு வரை பட்டினி, அதன் நடுவிலேயே ஒரு மணி நேர ஓட்டம் என்பதை என் நோயாளி யார் சொன்னாலும் முதலில் அதில்தான் கைவைப்பேன்.

பசியையும் கொழுப்பையும் மூளைக்குச் சொல்லும் தூதர்களில் ஒன்று லெப்டின். கொழுப்புத் திசு சுரக்கும் ஹார்மோன். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், கடும் உடற்பயிற்சியாலோ எடைக் குறைவாலோ மாதவிலக்கு நின்ற எட்டுப் பெண்களுக்கு லெப்டினை ஊசியாகப் போட்டார்கள். எல்.எச் துடிப்பு கூடியது, மூன்று பேருக்குக் கருமுட்டையே வெளியானது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வயிறு நிறைந்துவிட்டது என்று மூளையை நம்பவைக்கும் வேலைதான் அது. பசி அடங்கி எடை மேலும் குறையும். அதனால் மருந்தாக அதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. சாப்பாடு அதே தூதை ஒழுங்கான வழியில் அனுப்பும்.

மாதவிலக்கு நிற்பது கடைசிக் கட்டம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு வெகு முன்னாலேயே, தேதி தவறாமல் வந்துகொண்டிருக்கும்போதே, முட்டை வெளியான பிறகு வரும் நாட்கள் சுருங்கும், சில மாதம் முட்டை வெளியாகாமலே போக்கு மட்டும் வரும். ஒழுங்காக உடற்பயிற்சி செய்யும் பெண்களின் சிறுநீரில் ஹார்மோன்களைத் தினமும் அளந்து பார்த்த ஆய்வுகளில், ஏறக்குறைய பாதிப் பேரிடம் இப்படி ஏதாவது ஒரு மறைவான கோளாறு தெரிந்தது. அவற்றில் பெரும்பாலானவை தானாகவே வந்து போகும், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் "எனக்குத்தான் மாசாமாசம் வருதே" என்பது முழு அத்தாட்சி ஆகாது. உங்களுக்கு நாள் தள்ளிப்போனதும் போக்கு குறைந்ததும் முன்னறிவிப்பு. அப்போது யாரும் படித்துச் சொல்லவில்லை.

இப்போது தோழியின் "கவலைப்படாதே"வுக்கு வருகிறேன். மாதவிலக்கு நின்றால் வேலை மிச்சம், நாப்கின் செலவு மிச்சம் என்று விளையாட்டுப் பிள்ளைகள் சந்தோஷமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நிற்பது போக்கு மட்டும் என்றால் நானும் சந்தோஷப்படுவேன். நிற்பது ஈஸ்ட்ரோஜன். எலும்பைக் கரையவிடாமல் காப்பது அதுதான். 1984இல் பார்பரா டிரிங்க்வாட்டர், மாதவிலக்கு நின்ற வீராங்கனைகளின் முதுகெலும்பை அளந்தார். அவர்களின் சராசரி வயது 25. எலும்பின் அடர்த்தி 51 வயதுப் பெண்ணுடையது போல இருந்தது. ஓடினால் எலும்பு உறுதியாகும் என்பது உண்மைதான், ஆனால் ஈஸ்ட்ரோஜன் இல்லாத இடத்தில் அந்தப் பலன் ஈடுகொடுப்பதில்லை. எலும்பைச் சேமிக்கும் வயது இருபதுகளோடு முடிந்துவிடுகிறது. இழந்ததில் ஒரு பகுதிதான் திரும்பும், முழுசாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரே இடத்தில் விடாத வலி இருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு ஓடாதீர்கள், அது மயிரிழை முறிவாக இருக்கலாம். குறைச் சாப்பாடு, நின்ற மாதவிலக்கு, தேய்ந்த எலும்பு மூன்றும் சேர்ந்து வருவதற்கு 1992இல் அமெரிக்காவில் 'வீராங்கனைகளின் முக்கூட்டுப் பாதிப்பு' என்ற பொருளில் பெயரே வைத்தார்கள். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதை இன்னும் விரித்து, தைராய்டு, நோய் எதிர்ப்பு, மனநிலை, இதயம் எல்லாவற்றையும் பாதிக்கும் பற்றாக்குறை இது, ஆண்களுக்கும் வரும் என்றது.

இனி நீங்கள் நேராகக் கேட்காத கேள்வி. இந்த வகையில் நின்ற மாதவிலக்கால் நிரந்தர மலட்டுத்தன்மை வருவதில்லை. முட்டைகள் அங்கேயேதான் இருக்கின்றன. உத்தரவு திரும்பினால் வேலை திரும்பும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உத்தரவு வராதவரை கரு நிற்காது என்பதும் உறுதி. சந்தேகம் இருப்பது, மாதவிலக்கு ஒழுங்காக வருகிற பெண் கடுமையாக உடற்பயிற்சி செய்தால் கரு நிற்கத் தாமதமாகுமா என்பதில். நார்வேயில் சுமார் 3,900 பெண்களைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வில், அநேகமாகத் தினமும் உடற்பயிற்சி செய்தவர்களுக்கும், களைத்து விழும் அளவுக்குச் செய்தவர்களுக்கும் கருத்தரிப்பில் சிரமம் கூடுதலாக இருந்தது. டென்மார்க்கில் 3,600க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்து 2012இல் வந்த ஆய்விலும், கடும் பயிற்சி கூடக் கூடக் கரு நிற்கும் வேகம் குறைந்தது, ஆனால் அதிக எடை உள்ள பெண்களிடம் அப்படி இல்லை. அமெரிக்கச் செவிலியர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த பெரிய ஆய்வோ, வேகமான உடற்பயிற்சி செய்தவர்களுக்கு முட்டை வெளியாகாத மலட்டுத்தன்மை குறைவு என்றது. ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரிகிறது. சாப்பாட்டின் மிச்சக் கணக்கை வைத்துப் பார்த்தால் அவ்வளவு முரண் இல்லை என்பது என் கருத்து. ஒல்லியான பெண்ணுக்குக் கடன் ஆவது, எடை கூடிய பெண்ணுக்கு வைத்தியம் ஆகிறது. ஆனால் இவை எல்லாம் கவனித்து எழுதிய ஆய்வுகள், சோதித்து நிரூபித்தவை அல்ல.

அந்த வைத்தியத்தை நான் தினமும் எழுதிக் கொடுக்கிறேன். நீர்க்கட்டி என்று ஊரெல்லாம் சொல்கிற பி.சி.ஓ.எஸ் உள்ளவர்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாமை பெரிய சிக்கல், உடற்பயிற்சி அதை நேராக்கும், பலருக்கு மாதவிலக்கும் ஒழுங்குக்கு வரும். அதனால்தான் உங்களைப் போன்றவர்கள் விஷயத்தில் ஒரு விபத்து நடக்கிறது. ஹைப்போதலாமஸ் அடங்கிய பெண்களிலும் கணிசமானவர்களுக்கு ஸ்கேனில் சினைப்பை நிறையச் சிறு முட்டைப்பைகளோடு தெரியும். மாதவிலக்கு வரவில்லை, ஸ்கேனில் நீர்க்கட்டி, உடனே "எடையைக் குறைம்மா, நல்லா நடம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். சில வருடம் முன்பு விளையாட்டு விடுதியிலிருந்து ஒரு ஹாக்கி விளையாடும் பெண் வந்தாள். 43 கிலோ. இப்படித்தான் வேறொரு இடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெண் சொன்னபடி கேட்டு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தி, இன்னும் ரெண்டு கிலோ குறைந்து வந்து நின்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது மருந்து அல்ல, விடுதியில் இன்னொரு கரண்டி சோறு. பிறரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. ஆரம்பத்தில் நானும் ஒன்றிரண்டு பேருக்கு இதே தவறைச் செய்திருப்பேன்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? மூன்று மாதத்துக்கு மேல் நின்றாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும், நீங்கள் நாலைத் தொட்டுவிட்டீர்கள். ஓட்டம்தான் காரணம் என்று நீங்களாக முடிவுகட்டவும் கூடாது, மற்றக் காரணங்களைத் தள்ளிய பிறகுதான் இந்த முடிவுக்கு வர முடியும். சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை முதலில். கேள்வியில் வாய்ப்பே இல்லை என்று எழுதியிருந்தாலும் செய்வோம், வருத்தப்படாதீர்கள், யார் வந்தாலும் செய்வோம். அப்புறம் தைராய்டு, பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின், எஃப்.எஸ்.எச், எல்.எச், ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவமான ஈஸ்ட்ரடியால், ஒரு ஸ்கேன். எஃப்.எஸ்.எச் மிக உயர்ந்திருந்தால் சினைப்பையே முன்கூட்டி ஓய்கிறது என்று பொருள், அது முற்றிலும் வேறு கதை. உங்கள் நிலையில் எல்.எச்சும் ஈஸ்ட்ரடியாலும் தாழ்ந்திருக்கும் என்று எதிர்பார்ப்பேன். ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருந்தால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொல்வேன்.

மாத்திரை பற்றி. பீரியட்ஸ் வரவைக்கும் மாத்திரை என்று மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். புரோஜெஸ்டெரோன் வகை மாத்திரையை ஐந்திலிருந்து பத்து நாள் கொடுத்து நிறுத்தினால், உள்சுவர் ஓரளவு தடித்திருந்தால்தான் போக்கு வரும். ஈஸ்ட்ரோஜன் மிகத் தாழ்ந்தவர்களுக்கு வராமலே போகும், அவர்கள் இன்னும் பயந்துபோவார்கள். கருத்தடை மாத்திரை போட்டால் மாதாமாதம் போக்கு வரும், ஆனால் அது மாத்திரையை நிறுத்துவதால் வரும் போக்கு, மூளை விழித்துக்கொண்டதற்கு அடையாளம் அல்ல. எலும்பைக் காக்கவும் அது உதவுவதாகத் தெரியவில்லை. சாப்பாட்டை மாற்றியும் பல மாதம் பலன் இல்லாதவர்களுக்கு, தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டை கொடுத்து எலும்பைக் காப்பது உண்டு. அது மருத்துவர் பார்த்து முடிவுசெய்ய வேண்டியது.

ஓட்டத்தை விட வேண்டாம். கொஞ்ச நாளைக்குக் குறையுங்கள், சாப்பாட்டைக் கூட்டுங்கள், இரண்டில் சாப்பாடுதான் முக்கியம். மாதவிலக்கு நின்ற அல்லது வெகுநாள் தள்ளித் தள்ளி வந்த, உடற்பயிற்சி செய்யும் பெண்களுக்குப் பயிற்சியை மாற்றாமல் நாளுக்கு ஏறக்குறைய 350 கலோரி மட்டும் கூட்டிப் பன்னிரண்டு மாதம் பார்த்த ஒரு சோதனை இருக்கிறது. கூட்டாதவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு மாதவிலக்கு திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. 350 என்பது மலை அல்ல. ஓடப் போகும் முன் ஒரு வாழைப்பழம், பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் பால், சாயங்காலம் ரெண்டு கடலை மிட்டாய் என்றாலே கிட்டத்தட்ட வந்துவிடும். உங்கள் பள்ளம் அதைவிடப் பெரியது, அதனால் ஓடிவிட்டு வந்ததும் தாமதிக்காமல் வயிறாரக் காலைச் சாப்பாடு, மதியம் சோற்றில் கஞ்சத்தனம் இல்லாமை, தினமும் முட்டையோ பயறோ, அப்புறம் அந்த ஏழு மணிப் பூட்டைத் திறப்பது என்று எல்லாமே வேண்டும். எடை ரெண்டு மூன்று கிலோ ஏறும். ஏறட்டும். அந்த எண்ணம் தாங்க முடியாததாக இருந்தால், தராசில் ஏறும்போது நெஞ்சு படபடத்தால், அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கு வேறு உதவி தேவைப்படும், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஜனவரி மாரத்தான்? என் மகளாக இருந்தால் இந்த வருடம் 10 கிலோமீட்டர் பிரிவுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்வேன். நீங்கள் கேட்பீர்களா என்பது வேறு விஷயம். மாதவிலக்கு திரும்ப எத்தனை நாளாகும் என்று தேதி குறித்துத் தர முடியாது. சிலருக்கு இரண்டு மாதம், பலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட. முதலில் ஒழுங்கில்லாமல்தான் வரும். இன்னொன்று, கல்யாணத்துக்குப் பிறகு உடனே குழந்தை வேண்டாம் என்று இருந்தால் இதை மறக்காதீர்கள். முட்டை வெளியாகி இரண்டு வாரம் கழித்துத்தான் போக்கு வரும். அதனால் நின்ற மாதவிலக்கு திரும்பும் முன்னாலேயே கரு நின்றுவிடலாம். மாதவிலக்கே வரவில்லையே என்ற தைரியத்தில் இருந்து, ஐந்தாம் மாதத்தில் வயிறு கனக்கிறது என்று என்னிடம் வந்த ஓட்டக்காரர் ஒருவர் இருக்கிறார். அந்தக் குழந்தைக்கு இப்போது நாலு வயது.